படம் எடுக்கும்போது கண் எங்கே இருந்தது?

அன்புள்ள தங்கம்,

உன் கடிதம் வந்தது. படிப்பு முடிகிற கையோடு மூளைப் படங்களை ஆராய்கிற ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறாய், நேர்காணலுக்கும் அழைத்துவிட்டார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய்: “தம்பி ஏன் அப்படி இருக்கான்னு அவன் மூளையைப் பார்த்தாவது தெரிஞ்சுக்கணும் சித்தி.” ஆட்டிசம் உள்ள தம்பியைப் பற்றிய அந்த வரிக்காகத்தான் நான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

சேர்ந்துவிடு. அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் என் வேலைக்காலம் முழுக்க ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே கழிந்திருக்கிறது. அந்த மெஷினிடம் எதைக் கேட்டால் பதில் கிடைக்கும், எதைக் கேட்டால் கிடைக்காது என்பதை நீ உள்ளே நுழைவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களிடம் அடிக்கடி நடப்பது இது. மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாயும் தகப்பனும் வருவார்கள். பேச்சு வரவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. “எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடுங்க” என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து எடுப்போம். படத்தில் ஒன்றும் இருக்காது. இயல்பாக உள்ளது என்று ரிப்போர்ட் எழுதுவேன். தகப்பன் முகம் மலர்ந்து, “அப்ப ஆட்டிசம் இல்லைங்களா டாக்டர்?” என்று கேட்பார். தாய் பேசாமல் நிற்பாள். ராத்திரி பகலாகப் பிள்ளையோடு இருப்பவள் அவள்தானே, ‘நார்மல்’ என்ற சொல்லை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியாது.

இரண்டு பேரிடமும் நான் சொல்வது ஒன்றுதான். ஆட்டிசம் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் மூளைப் படம் எங்கள் கண்ணுக்கு இயல்பாகவே தெரியும். ஆட்டிசம் உண்டா இல்லையா என்பதைப் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து விளையாடி, கவனித்து, பெற்றோரிடம் பொறுமையாக விசாரித்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதற்கென்று நம் நாட்டிலேயே ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற அளவுகோல் இருக்கிறது. வலிப்பு வந்தாலோ, தலையின் அளவு வயதுக்குப் பொருந்தாமல் இருந்தாலோ, நரம்புப் பரிசோதனையில் வேறு ஏதாவது தென்பட்டாலோ எம்.ஆர்.ஐ. கட்டாயம் வேண்டும். மற்றபடி எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2000-லேயே வழிகாட்டுதல் எழுதிவிட்டது. நீ அந்த ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மறுநாளே சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பத் தொடங்குவார்கள். அப்போது இது உனக்கு உதவும்.

அப்படியானால் ஆட்டிசத்தில் மூளையைப் படமெடுத்து என்ன பயன் என்று நீ கேட்கலாம். அதற்குப் பழைய கதை கொஞ்சம் வேண்டும். பால்டிமோரில் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி 1943-இல் எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாக மருத்துவத்துக்குள் வந்தது. அதற்குப் பிறகு வந்த இருபது வருஷம் தாய்மார்களுக்குக் கொடுமையான காலம். பாசமில்லாத தாயால்தான் பிள்ளை இப்படி ஆனது என்று படித்தவர்களே சொன்னார்கள். புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் அதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தகப்பனான பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் 1964-லேயே அதை மறுத்து, இது நரம்பியல் சார்ந்தது என்று எழுதியிருந்தார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, இதில் மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று காட்டினார்கள். எம்.ஆர்.ஐ. படங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அவை பெரிதாக எதையும் கண்டுபிடிப்பதற்கு முன்பே, பேச்சைத் தாயின் மடியிலிருந்து நகர்த்திப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குக் கொண்டுபோயின. உன் அம்மாவிடம் “நீ வேலைக்குப் போனதாலதான்”, “போனைக் கையில குடுத்ததாலதான்” என்று வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனது உனக்கு நினைவிருக்கும். அக்கா அதற்கெல்லாம் பதில் சொன்னதில்லை. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது என்று இன்று அடித்துச் சொல்ல முடிகிறதே, அதற்காகவே இந்தத் துறைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சரி, மூளை வேலை செய்வதைப் படமெடுக்கிற, நீ வேலை செய்யப்போகிற எஃப்.எம்.ஆர்.ஐ.க்கு வருகிறேன். செய்ஜி ஒகாவா 1990-இல் கண்டு சொன்ன விஷயம்தான் அதன் அடிப்படை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைச் சற்றே குலைக்கும், ஆக்சிஜன் ஏறியது குலைக்காது. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே புது ரத்தம் தேவைக்கு மேலேயே பாயும், சிக்னல் கொஞ்சம் கூடும். நாம் அளப்பது அந்தக் கூடுதலைத்தான். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி போகிறது என்பதைப் பார்த்து எந்த வீட்டில் விசேஷம் என்று ஊகிப்பது போன்ற வேலை இது. லாரி வரத் தாமதமாகும். நரம்பணு மில்லிசெகண்டில் பேசி முடித்துவிடும், ரத்தம் உச்சத்துக்கு வர ஐந்தாறு செகண்ட் ஆகும். படத்தின் ஒரு புள்ளி, பக்கத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் உள்ள கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கின்றன. சிக்னலில் வரும் மாற்றமோ ஓரிரு சதவீதம். அதைப் பலமுறை எடுத்து, சராசரி பார்த்து, புள்ளியியல் சோதனையில் தேறிய புள்ளிகளுக்கு மட்டும் கணினி சிவப்பும் மஞ்சளும் பூசுகிறது. பத்திரிகைகளில் ‘மூளை ஒளிர்கிறது’ என்று போடுவார்கள். அங்கே ஒன்றும் ஒளிர்வதில்லை, அம்மா. அந்த நிறம் ஒரு கணக்கின் விடை. கணக்கில் என்னென்ன போட்டார்கள் என்று கேட்காமல் விடையை நம்பாதே.

இதை ஒரு உதாரணத்தோடு விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் நீ வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

மூளையின் அடிப்பக்கத்தில் ஃபியூசிஃபார்ம் என்று ஒரு மடிப்பு இருக்கிறது. மனித முகங்களைப் பார்க்கும்போது அதன் ஒரு பகுதி மற்றப் பொருள்களைப் பார்ப்பதைவிட அதிகமாக வேலை செய்கிறது என்று நான்சி கான்விஷர் குழு 1997-இல் காட்டியது. 2000-இல் ராபர்ட் ஷுல்ட்ஸும் சகாக்களும் யேல் பல்கலைக்கழகத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு முகங்களைக் காட்டிப் படமெடுத்தார்கள். அந்தப் பகுதியில் செயல்பாடு குறைவாக இருந்தது. பொருள்களைப் பார்க்கும்போது வேலை செய்கிற பகுதிதான் முகத்துக்கும் வேலை செய்தது. உலகமெங்கும் இது பரவிவிட்டது: ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் முகத்தைப் படிக்கிற இடம் பழுது, மனிதர்களையும் அவர்கள் பொருள்களாகத்தான் பார்க்கிறார்கள் என்று. ஒரு தாய் இதைப் படித்தால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசி.

2004-இல் நூஷின் ஹாஜிகானி குழு ஒரு சின்னக் காரியம் செய்தது. முகப்படத்தின் நடுவில் சிலுவைபோல் ஒரு குறியை வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான். ஆட்டிசம் உள்ளவர்களின் ஃபியூசிஃபார்ம் பகுதியும் வேலை செய்தது. அடுத்த வருஷம் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கிம் டால்டன் குழு, ஸ்கேனுக்குள் படுத்திருப்பவரின் கண் எங்கே போகிறது என்பதையும் கூடவே அளந்தது. முகத்தில் கண் இருக்கும் இடத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்களோ, அதற்கேற்ப அந்தப் பகுதியின் செயல்பாடும் ஏறி இறங்கியது. பழுது என்று எழுதப்பட்டதில் ஒரு பெரும் பங்கு, பார்வை வேறு பக்கம் திரும்பியிருந்ததால் வந்தது. ஆராய்ச்சியாளர்கள் மூளையைக் கவனித்தார்கள், கண்ணைக் கவனிக்க மறந்துவிட்டார்கள்.

இதோடு முடியவில்லை. டால்டன் குழுவின் ஆய்வில், கண்களைப் பார்த்த நேரம் கூடக்கூட அமிக்டலாவும் அதிகமாகத் தூண்டப்பட்டது. பயம், அபாயம், உணர்ச்சிக் கொந்தளிப்பு போன்றவற்றில் பங்குள்ள பகுதி அது. 2017-இல் ஹாஜிகானி குழு மறுபடி ஒரு ஆய்வு செய்து, கண் பகுதியையே பார்க்கும்படி கட்டுப்படுத்தினால் ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையின் உட்பகுதிகள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன என்று எழுதியது. கண்ணைப் பார்க்காமல் இருப்பது அக்கறையின்மை என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம். பலருக்கு அது தாங்க முடியாத ஒன்றிலிருந்து விலகிக்கொள்வதாக இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள், கண்ணைப் பார்ப்பது வலிக்கிறது என்று தங்கள் வாயாலேயே முன்பே சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேன் வந்து சொன்ன பிறகுதான் நாம் காது கொடுத்தோம்.

உன் தம்பியின் தாடையைப் பிடித்து நிமிர்த்தி “கண்ணைப் பார்த்துப் பேசுடா” என்று நம் வீட்டிலேயே எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். இனி யாராவது அப்படிச் செய்தால், அக்காவும் நீயும் தைரியமாகக் கையைத் தடுக்கலாம். மூளைப் படம் நடத்தையைப் புரிந்துகொள்ள உதவும் என்றால் இப்படித்தான் உதவும். அதற்கும் முதலில் நடத்தையைக் கவனித்திருக்க வேண்டும், படம் எடுக்கும்போது கண் எங்கே இருந்தது என்று கேட்க ஒருவர் இருந்திருக்க வேண்டும். அந்த ஒருவராக நீ இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்னொரு சின்ன ஆய்வும் உண்டு. 2005-இல் யேல் குழு ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனைப் பற்றி எழுதியது. அவனுக்கு டிஜிமான் என்ற ஜப்பானிய கார்ட்டூன்மேல் அளவில்லாத ஈடுபாடு. மனித முகத்துக்கு அசையாத அவன் ஃபியூசிஃபார்மும் அமிக்டலாவும் டிஜிமான் உருவங்களைக் காட்டியதும் வேலை செய்தன. ஒரே ஒரு பையனை வைத்து ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்லிவிட முடியாது, உண்மைதான். ஆனாலும் அதைப் படித்தபோது எனக்கு உன் தம்பிதான் நினைவுக்கு வந்தான். காலையில் கடைத்தெருவில் ஷட்டர் ஏறுவதைப் பார்க்க நிற்பானே, எந்தக் கடையின் ஷட்டர் இறுகும், எது இடையில் நிற்கும் என்று தெரிந்து வைத்திருப்பானே. அவனுக்கு எதைக் காட்டினால் எந்த இடம் வேலை செய்யும் என்று ஆய்வை வடிவமைக்கிறவருக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும்.

அடுத்தது அசைவு. இந்தத் துறைக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை. சும்மா படுத்திருக்கும்போது மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்திசைகின்றன என்று அளக்கிற முறை ஒன்று இருக்கிறது. ஆட்டிசத்தில் தூரப் பகுதிகளுக்கிடையே இணைப்புக் குறைவு என்ற கருத்தை 2004-இல் மார்செல் ஜஸ்ட், நான்சி மின்ஷ்யூ போன்றவர்கள் முன்வைத்தார்கள். அதைப் பின்பற்றி நிறையக் கட்டுரைகள் வந்தன. 2012-இல் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பவரும் சகாக்களும் ஒன்றைக் காட்டினார்கள். தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தால்கூட, தூரப் பகுதிகளுக்கிடையே இணைப்புக் குறைந்ததுபோலவும் பக்கத்துப் பகுதிகளுக்கிடையே கூடியதுபோலவும் கணக்கு வந்துவிடுகிறது. சிறு பிள்ளைகளும், ஆட்டிசம் உள்ளவர்களும், உடம்பு அமைதியாக இருக்கச் சிரமப்படுகிறவர்களும்தான் அதிகம் அசைவார்கள். ஆக, மூளையின் வேறுபாடு என்று எழுதியதில் எவ்வளவு கழுத்தின் அசைவு என்று எல்லாரும் திரும்பிப்போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று. இணைப்பு வேறுபாடு முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. அசைவு இருந்த படங்களைக் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று கேட்கப் பழகு என்கிறேன்.

விலயனூர் ராமச்சந்திரனை உன் தோழிகள் கட்டாயம் மேற்கோள் காட்டுவார்கள். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியாகோவில் பெரிய பெயரெடுத்தவர், நானும் அவர் எழுத்தைப் படித்து வளர்ந்தவள்தான். பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் தானே செய்வதுபோல வேலை செய்கிற ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ ஆட்டிசத்தில் சரியாக இயங்குவதில்லை என்று அவரும் லிண்ட்சே ஓபர்மானும் 2005-இலும் 2006-இலும் எழுதினார்கள். அழகான கருத்து, மேடையில் சொன்னால் சட்டென்று பிடித்துப்போகும். 2010-இல் இலான் டின்ஸ்டைன் குழு எஃப்.எம்.ஆர்.ஐ.யில் சோதித்தபோது, கை அசைவுகளைப் பார்க்கும்போதும் செய்யும்போதும் ஆட்டிசம் உள்ளவர்களின் மூளை மற்றவர்களுடையதைப் போலவே பதில் கொடுத்தது. பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மரியாதை வேறு, ஆதாரம் வேறு.

இத்தனை கருத்துகள் எழுந்து விழுந்ததற்கு ஆய்வுகள் சிறியவையாக இருந்ததும் ஒரு காரணம். பத்துப் பேர், பதினைந்து பேர். 2012-இல் 17 இடங்கள் சேர்ந்து 1,112 பேரின் படங்களை ஏபைட் என்ற பொதுத் தொகுப்பாகத் திறந்துவிட்டன. உலகில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஆராயலாம். நேர்காணலுக்கு முன்பே நீயும் அதில் சிலவற்றை இறக்கிப் பார்த்துக்கொள். அந்தத் தொகுப்பை வைத்து ஹாரும் டின்ஸ்டைனும் மற்றவர்களும் மூளையின் அமைப்பை அளந்தபோது, ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என்ற இரு குழுவுக்கிடையே கிடைத்த வேறுபாடு மிகக் கொஞ்சம்; ஒவ்வொரு குழுவுக்குள்ளேயும் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாடோ மிகப் பெரிது. பிறகு 2018-இல் எனிக்மா என்ற கூட்டு முயற்சி மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்களைச் சேர்த்துப் பார்த்தது. வேறுபாடுகள் கிடைத்தன, எல்லாம் சிறியவை. ஒரு தனி ஆளின் படத்தைக் கையில் கொடுத்து, இவருக்கு ஆட்டிசம் உண்டா என்று கேட்டால் அந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. ஆட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் பல வகை மூளைகள் இருக்கின்றன. தம்பியின் படத்தை மட்டும் பார்த்து அவனைத் தெரிந்துகொள்ளலாம் என்ற உன் ஆசைக்கு இதுதான் என் நேரடியான பதில். வருத்தமாக இருக்கும், தெரியும்.

நம்பிக்கை தரும் வேலையும் நடக்கிறது. வட கரோலினாவில் ஜோசப் பைவன், ஹெதர் ஹாஸ்லெட் முதலானோர், ஆட்டிசம் உள்ள அண்ணனோ அக்காவோ இருக்கிற கைக்குழந்தைகளை ஆறு மாதத்திலும் ஒரு வயதிலும் இயல்பாகத் தூங்கும்போது படமெடுத்தார்கள். மூளைப் புறணியின் பரப்பு அந்த இடைவெளியில் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதை வைத்து, இரண்டு வயதில் யாருக்கு ஆட்டிசம் என்று கண்டறியப்படும் எனக் கணிக்கப் பார்த்தார்கள். 2017-இல் அந்த முடிவு வெளியானது. 179 குழந்தைகளில் 34 பேருக்குப் பிறகு ஆட்டிசம் இருப்பது உறுதியானது. அவர்களில் 30 பேரைக் கணினி முன்கூட்டியே சரியாகச் சொல்லியிருந்தது. மற்ற 145 பேரில் 7 பேரைத் தவறாகச் சொன்னது. பேச்சு வருவதற்கு முன்பே உதவியைத் தொடங்க முடிந்தால் எவ்வளவோ நல்லது.

ஆனால் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள். அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே ஆட்டிசத்துக்கான வாய்ப்புக் கூடுதலாக உள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதே துல்லியம் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, தெருவில் போகிற வருகிற ஆயிரம் கைக்குழந்தைகளுக்கு இதைச் செய்வதாக நினை. ஆயிரத்தில் 30 பேருக்கு ஆட்டிசம் என்றால் 26 பேரைப் பிடிக்கும். மீதி 970 பேரில் நூற்றுக்கு ஐந்து என்று சுமார் 48 பேரை வீணாகப் பிடிக்கும். ஆக, ‘உங்கள் குழந்தைக்கு ஆட்டிசம் வரும்’ என்று கேட்கிற 74 வீடுகளில் 48 வீட்டுக்குப் பொய்யான செய்தி போகும். ஒரே சோதனைதான், ஆளைப் பொறுத்து அதன் பொருள் மாறிவிடுகிறது. இதை யாராவது செண்டர் போட்டு விற்கத் தொடங்கினால், இந்தக் கணக்கைப் போட்டுக்காட்ட உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று இரண்டு வண்ணப்படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் மாறியதைக் காட்டி, லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஸ்டெம் செல் ஏற்றுகிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022-இல் சொல்லிவிட்டது. அதன் பிறகும் நகையை அடகு வைத்துவிட்டு வந்து என் முன்னால் ஃபைலைத் திறக்கிற பெற்றோரைப் பார்க்கிறேன். வண்ணப்படத்துக்கு அவ்வளவு பலம். நீ செய்யப்போகிற படங்களும் யாருடைய கைக்குப் போகும் என்பதை யோசித்துத்தான் வெளியிட வேண்டும்.

இனி தம்பியைப் பற்றி. அவனை ஆய்வில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். நிலவரம் இது: மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொள்கிறான், குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்கு முன் மாடிக்கு ஓடுகிறான். எம்.ஆர்.ஐ.யின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். தலையைச் சுற்றிக் கூண்டுபோல, சிக்னலை வாங்குகிற காயில் ஒன்றை மாட்டுவார்கள், கண்ணுக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் சுவர். அசையக் கூடாது. ஸ்பாஞ்சு செருகி, காதடைப்பான் வைத்தாலும் அது சின்னச் சத்தம் இல்லை. அதனால்தான் தம்பியைப் போன்றவர்கள் ஆய்வுகளில் கிடையாது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அறிவுத்திறன் குறைபாடும் உண்டு. 2016-இல் ஆட்டிசம் ஆய்விதழ்களில் வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தபோது, பங்கேற்றவர்களில் 94 சதவீதம் பேர் அந்தக் குறைபாடு இல்லாதவர்கள். பெண்பிள்ளைகளும் மிகக் குறைவு. நன்றாகப் பேசுகிற, சொன்னதைக் கேட்டு அசையாமல் படுக்கிற பையன்களின் மூளையைத்தான் உலகம் ‘ஆட்டிச மூளை’ என்று பெயர் சொல்லி வரைந்து வைத்திருக்கிறது. உன் தம்பிக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

இதை மாற்ற முடியும், சிலர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் மைண்ட் நிலையத்தில், மயக்க மருந்து இல்லாமல், ராத்திரி பிள்ளை வழக்கமாகத் தூங்குகிற நேரத்துக்கே வரவழைத்து, தூங்கியபிறகு படமெடுக்கிற முறையை நிதானமாக வளர்த்திருக்கிறார்கள். ஸ்கேன் சத்தத்தை முன்கூட்டியே வீட்டில் போட்டுப் பழக்குகிறார்கள். சில இடங்களில் நிஜ ஸ்கேனர்போலவே செய்த போலிக் கூண்டில் விளையாட்டாகப் படுக்கவைத்துப் பழக்குகிறார்கள். இதற்கெல்லாம் நேரம் ஆகும், கட்டுரை எண்ணிக்கை குறையும். நீ இதற்கு வாதாட வேண்டும்.

வாதாடும்போது இதையும் சொல். அனுமதிப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பிள்ளையின் ‘வேண்டாம்’ எங்கே பதிவாகிறது? பேச்சு வராத பிள்ளையும் வேண்டாம் என்று சொல்லத்தான் செய்கிறது. உன் தம்பி முதலில் சட்டைக் காலரைக் கடிப்பான், அப்புறம் இடதுகை விரல்களை மடக்கி மடக்கி விரிப்பான், அதற்கும் நாம் விடவில்லை என்றால்தான் கத்துவான். கத்திய பிறகு நிறுத்துகிற ஆய்வுக்கூடம் மோசமானது. காலரைக் கடிக்கும்போதே நிறுத்துகிற இடமாக அது இருக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த முதல் அடையாளம் என்ன என்று தாயிடம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, அதைப் பார்க்கவென்றே ஒருவரை அறைக்குள் நிறுத்து. ஒரு நாள் படம் கிடைக்காமல் போனால் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் முன் நீ போய் அதற்குள் படு. ஒரு முழு ஸ்கேன், நாற்பது நிமிஷமோ எவ்வளவோ, வெளியே எடுக்கச் சொல்லும் பொத்தானை அழுத்தாமல் படுத்துப் பார். மூக்கு அரிக்கும்போது என்ன ஆகிறது, எச்சில் விழுங்கினால் தலை எவ்வளவு அசைகிறது, சத்தம் மாறும்போது நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று உனக்கே தெரியும். அதன் பிறகு உன் சொந்தத் தரவைத் திறந்து, எச்சில் விழுங்கிய இடத்தை அசைவைக் காட்டும் கோட்டில் தேடிப் பார். எந்தப் புத்தகமும் சொல்லித்தராததை அது சொல்லித்தரும். வாரத்தில் ஒரு நாளாவது ஏதாவது ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போய் உட்கார். ஆராய்ச்சிக்காரியாகப் போகாதே, டப்பா திறந்து கொடுக்கவும் செருப்பு மாட்டிவிடவும் போ. அங்கே பார்த்ததைத்தான் பிறகு படத்தில் தேடத் தோன்றும்.

நேர்காணலில் அவர்கள் உன்னைக் கேட்பதுபோல நீயும் அவர்களைக் கேட்கலாம், அதில் தப்பில்லை. அசைவுக்காக எத்தனை பேரின் படத்தைக் கழித்தீர்கள், கழிக்கப்பட்டவர்கள் எப்படிப்பட்ட பிள்ளைகள் என்று கேள். ஸ்கேனுக்குள் கண் பார்வையையும் அளக்கிறீர்களா என்று கேள். பேசாத பிள்ளைகளைச் சேர்க்கத் திட்டம் உண்டா, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் யாராவது உங்கள் ஆய்வுக் கேள்விகளைப் பார்த்துக் கருத்துச் சொல்கிறார்களா என்று கேள். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிக்கிற இடமாக இருந்தால், வேறு இடம் பார்க்கலாம், நானும் விசாரித்துச் சொல்கிறேன். சந்தோஷப்பட்டுப் பதில் சொன்னால் அன்றைக்கே சேர்ந்துவிடு.

அக்கா என்னிடம் பேசினாள். தம்பிக்காகத்தான் நீ இந்தத் துறைக்குப் போகிறாயோ, உன் வாழ்க்கையையும் அவனுக்கே எழுதிவைத்துவிடுகிறாயோ என்று அவளுக்குப் பயம். நான் அவளிடம் பேசுகிறேன், நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே. ஆனால் நேர்காணல் முடிந்ததும் முதலில் அவளைக் கூப்பிட்டுச் சொல், அப்புறம் எனக்கு.

அன்புடன்,
சித்தி